டொக்கு தட்டிப் பார்த்த ரேஸ் சைக்கிள்

அவள் காது சரி என்று சொல்லாத பீங்கான்மேல் இந்த ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்ததே கிடையாது. முதலாளி, தொழிலாளி, ஓட்டுக் கேட்டு வந்தவர், ஓட்டுப் போட்டு ஏமாந்தவர், அத்தனை பேரும் விடிந்ததும் நம்பிக்கையோடு போய் உட்காரும் இடத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவள் அவள்தான். நன்றி என்று ஒருத்தரும் ஒரு வரி எழுதியதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக அவள் வேலை தட்டுவது. சூளையில் வெந்து, ஆறி, தள்ளுவண்டியில் வரிசையாக வரும் ஒவ்வொரு உருப்படியையும் சின்ன மரச்சுத்தியலால் நாலு இடத்தில் தட்ட வேண்டும். நல்லது 'ணங்' என்று பள்ளிக்கூட மணி மாதிரிப் பேசும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்'. அவ்வளவுதான் சாஸ்திரம். 'டொக்' என்றால் சிவப்பு மெழுகுக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த நிமிஷம் பக்கத்தில் நிற்கிற சம்மட்டிக்காரர் அதை நொறுக்கிவிடுவார். ஒரு நாளைக்கு நூறு தடவை "டொக்கு, டொக்கு" என்று கத்திக் கத்திப் பெயரே அதுவாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

கழித்த உருப்படியை ஏன் அங்கேயே உடைக்க வேண்டும்? முன்பெல்லாம் உடைக்கமாட்டார்கள். பின்வாசல் வழியாகப் பாதி விலைக்கு வெளியே போகும். மேலாளர் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு மாடி ஏறும். சங்கம் வைத்த பதினோரு கோரிக்கையில் பத்து, சம்பளம், லீவு, குடிதண்ணீர் பற்றியது. பதினோராவது அவளுடையது: கழித்த உருப்படி, கழித்தவர் கண்முன்னே உடைக்கப்பட வேண்டும். முதல் பத்தும் பேச்சுவார்த்தை மேஜையில் தேய்ந்து பாதியாயிற்று. பதினோராவது மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் கிடைத்தது. அதை எதிர்த்துப் பேச வேண்டுமானால் பின்வாசல் கதையை மேலாளரே தன் வாயால் சொல்ல வேண்டியிருந்ததே!

ஆனாலும் மாசக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் மனிதர் அவள் பக்கத்தில் வந்து குழைவார்.

"வெறும் மயிரிழைக் கீறல்தானேம்மா. கண்ணுக்கே தெரியல."

"உட்கார்றவங்களுக்குக் கண்ணு அங்கயா சார் இருக்கு?"

"கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா."

"நான் அனுசரிச்சுக்குவேன். நூறு கிலோ ஆளு உட்கார்ந்தா கீறல் அனுசரிக்காது. வேணும்னா இதை உங்க வீட்டுல மாட்டிக்குங்க, பாஸ் போடறேன்."

மேலாளர் போய்விடுவார். சம்மட்டி இறங்கும். இப்படி ஒரு தடவைகூட அவள் தெரிந்தே டொக்கை ணங் என்று சொன்னதில்லை. கதை புரிய இது போதும்.

வீட்டில் அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு உருப்படி. அவள் புருஷன். டிரைவர் என்றால் தெருவுக்கே தெரியும். முப்பத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஆள் குள்ளம். ஆனால் உயரமான இருக்கையில் உட்கார்ந்து ஊரையே குனிந்து பார்த்த பழக்கத்தில், தான் குள்ளம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிரேக் அவர் காலடியில் அல்லவா இருந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். "நல்லா நடங்க, இல்லன்னா சைக்கிள் ஓட்டுங்க. உட்கார்ந்தே இருந்தீங்கன்னா மறுபடி என்னைத்தான் பாக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

டிரைவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாசம் உட்கார்ந்தார். ஜன்னலோர நாற்காலி, வலது கைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், இடது கைக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா. ஓட்டுநர் இருக்கை மாதிரியே எல்லாம் கை எட்டும் தூரத்தில். வண்டிதான் நகரவில்லை. மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் உயிர் போய்விடும் என்று மனிதருக்கு உள்ளூர உதறல். அதை ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல் ஒரு கொள்கையாக்கி வைத்திருந்தார்.

"நடக்குறது பஸ்ஸைத் தவறவிட்டவன் வேலை" என்பார்.

அவள் கெஞ்சினாள். திட்டினாள். வெளியூரிலிருக்கும் மகளைப் போனில் அழச் சொன்னாள். மகளும் ஒழுங்காகத்தான் அழுதாள். டிரைவர் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சிக்னல் சரியில்லம்மா" என்றார். தினமும் வேலை முடிந்து வரும்போது வாசலில் அவர் செருப்பை ஒரு தடவை பார்ப்பாள். தூசி படிந்து கிடக்கும். துடைத்து வைப்பாள். மறுபடி படியும். இப்படியே போனால் இந்த மனிதர் நாற்காலியிலேயே முடிந்துவிடுவார். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: எப்படியாவது இவர் எழுந்து அசைய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சைக்கிள் பைத்தியம் பிடித்தது.

ஞாயிறு காலையில் ஒரு கூட்டம் ஜன்னலைத் தாண்டி ரேஸ் சைக்கிளில் பறக்கும். உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டை, வளைந்த கைப்பிடி, குனிந்த முதுகு. அதில் ஒருவருக்கு முழு வெள்ளைத் தாடி. "அந்தாளுக்கு என் வயசு இருக்கும்" என்றார் டிரைவர் ஒரு நாள். மறுநாள் போனில் சைக்கிள் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஒரே மாசத்தில், ஒரு அடி ஓட்டாமல், அந்த விஷயத்தில் பேராசிரியர் ஆகிவிட்டார்.

"கார்பன்னு ஒண்ணு இருக்கு. இரும்பு இல்ல. நூலையும் பசையையும் வெச்சுச் செய்யறது. மொத்த வண்டியும் எட்டு கிலோ. ஒரு கையில தூக்கிடலாம்!"

"தூக்கறதுக்கா வாங்கப் போறீங்க?"

"உனக்கு என்ன தெரியும்? கார்பன்ல ஒரே ஒரு ஆபத்து. எங்கயாவது விழுந்திருந்தா வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள உடைஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தட்டித்தான் பாக்கணுமாம். உடைஞ்ச இடத்துல மட்டும் சத்தம் மட்டமா வருமாம்."

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப இது கக்கூஸ் மாதிரிதான்னு சொல்லுங்க."

"அதனாலதான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் டிரைவர். எட்டு மாசத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி. விளம்பரத்தில் ஒரு சைக்கிளைப் பார்த்து வைத்திருந்தார். விற்பவர் பல் டாக்டர். மூன்று வருஷம் பழசு, புதுசின் விலையில் பாதி கேட்கிறார். அவள் உடனே லீவு சொன்னாள். கைப்பைக்குள் மரச்சுத்தியலைப் போட்டுக்கொண்டாள். மெழுகுக்கட்டி எப்போதும் அதற்குள்தான் கிடக்கும். டிரைவர் வாசலைத் தாண்டினார், டாக்ஸியில்.

பல் டாக்டர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வெள்ளை வெளேரென்று நின்றது சைக்கிள். டிரைவர் அதைப் பார்த்த பார்வையை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"முழங்கால் போச்சு, அதான் குடுக்குறேன்" என்றார் பல் டாக்டர். நெட்டையான மனிதர், சுத்தமான கை. "ஓட்டிப் பாருங்க சார்."

"வாங்கினப்புறம் ஓட்டிக்கிறேன்" என்றார் டிரைவர் அவசரமாக. அடுத்தவர் முன்னால் மூச்சு வாங்க அவருக்கு இஷ்டமில்லை. அது அவளுக்குப் புரிந்தது, அவளும் வற்புறுத்தவில்லை. அங்கேதான் இரண்டு பேரும் கோட்டை விட்டார்கள். அவள் தொழிலில் உருப்படி நல்லதா என்பதுதான் கேள்வி. அதன்மேல் எவர் உட்காரப் போகிறார் என்று இருபத்தாறு வருஷத்தில் அவள் யோசித்ததே இல்லை.

சுத்தியலை எடுத்தாள். பல் டாக்டர் பதறினார். "மெதுவா மேடம்!"

"பீங்கானையே தட்டுறவ நான். பயப்படாதீங்க."

மேல் கம்பி: டக், டக், டக். ணங் இல்லை, ஆனால் சுத்தமான சத்தம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிகளும் டக், டக். இடமும் வலமும் ஒரே பேச்சு. கீழே சாய்ந்து வரும் தடித்த கம்பிக்கு வந்தாள். டக், டக், டொக்.

கொஞ்சம் தள்ளித் தட்டினாள். டக். திரும்ப வந்தாள். டொக்.

மூளை ஒன்றும் முடிவு செய்யவில்லை. கைதான் முந்திக்கொண்டது. பைக்குள் போயிற்று, வந்தது. வெள்ளைச் சைக்கிளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"மேடம்! என்ன பண்ணிட்டீங்க!"

"டொக்கு" என்றாள். அதற்குமேல் விளக்கம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வழக்கமாக இந்த இடத்தில் சம்மட்டி வந்துவிடும்.

பல் டாக்டர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தார். வழவழப்பான பீங்கான்மேல் ஒட்டுவதற்காகவே செய்த மெழுகு அது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பளிச்சென்று சிரித்தது. "இந்த வண்டி ஒரு தடவைகூட விழுந்ததில்ல. நானும் தட்டித்தான் மேடம் பாக்குறேன், இருபது வருஷமா. பல்லை!"

"தட்டினா டொக்குன்னு சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பிடுங்கிடுவேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

டிரைவரின் கை சைக்கிள் இருக்கைமேலேயே இருந்தது. எடுக்க மனசில்லாத கை. 'சும்மா சொன்னேன், நல்ல வண்டிதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, அவர் முகம் மலர்ந்துவிடும். சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை. மாசக் கடைசியில் மேலாளருக்கே வளையாத நாக்கு புருஷனுக்கு மட்டும் வளையுமா என்ன?

"கடைக்குப் போவோம்" என்றார் பல் டாக்டர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஸ்போக்கு சொல்லட்டும். உள்ள உடைஞ்சிருந்தா இலவசமா எடுத்துட்டுப் போங்க. உடையலைன்னா நான் சொன்ன விலை. பேரம் கிடையாது."

"சரி" என்றார் டிரைவர், அவளைக் கேட்காமலே.

ஸ்போக்கு என்பது சைக்கிள் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர். சக்கரக் கம்பி மாதிரி உடம்பு. அந்தக் கடை டிரைவர் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். வழியில் ஸ்டென்ட் கதையை அவள் பல் டாக்டரிடம் சொல்லியிருந்தாள். ஸ்போக்கு குறியைப் பார்த்தார்.

"இது யாரு போட்டது? கம்பெனிக்காரன் டிசைனா?"

"இந்தம்மா."

"எதுக்கு?"

"டொக்கு" என்றாள் அவள்.

ஸ்போக்கு விரல் கணுவால் தட்டினார். தலையாட்டினார். "காது நல்லாத்தான் இருக்கு. டொக்குத்தான்." பல் டாக்டர் முகம் வெளுத்தது. ஸ்போக்கு வண்டியைத் தலைகீழாக மாட்டி, மிதிக்கட்டைக்கு அடியிலிருந்த சின்ன மூடியைக் கழற்றி, நீளமான கொக்கி ஒன்றை உள்ளே விட்டுத் துழாவினார். கொஞ்ச நேரத்தில் கம்பிக்குள்ளிருந்து கறுப்பாக, நீளமாக, எலி வால் மாதிரி ஒன்று வெளியே வந்தது.

"பஞ்சு" என்றார். "கியர் ஒயர் உள்ளதான் போகுது. ஓட்டும்போது கடகடன்னு ஆடும். சத்தம் வராம இருக்க ஒயரைச் சுத்திப் பஞ்சு மாட்டுவோம். இது நான் மாட்டினதுதான். இப்பத் தட்டுங்கம்மா."

தட்டினாள். டக். தள்ளித் தட்டினாள். டக். பெருக்கல் குறியின் நடுமத்தியிலேயே தட்டினாள். டக்.

கடையில் ஒரு சிரிப்பு கிளம்பிற்று. பல் டாக்டர் என்று நினைத்தாள். இல்லை, டிரைவர். மார்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"தப்பு! இன்ஸ்பெக்டரம்மா தப்பு! முப்பது வருஷத்துல முதல் தடவை! யாராவது தேதி எழுதி வைங்கப்பா!"

"தப்புத்தான்" என்றாள். காது மடல் சுட்டது. "எங்க சூளையில பீங்கானுக்குள்ள பஞ்சு வெச்சு யாரும் அனுப்பல இதுவரைக்கும்."

ஆனால் அவமானத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் ஓடிற்று. மனிதர் சிரித்துவிட்டார். இதற்காக நாலு தடவை தப்பு சொல்லலாம் போலிருக்கிறதே.

ஸ்போக்கு மற்றதைப் பார்த்தார். சங்கிலியில் ஒரு சின்ன அளவுகோலை வைத்தார், அது தொபுக்கென்று உள்ளே விழுந்தது. "சங்கிலி தேஞ்சு நீண்டுடுச்சு, மாத்தணும்." டயரை மடக்கிக் காட்டினார். பக்கவாட்டில் பொடிப் பொடியாக வெடிப்பு. "மூணு வருஷம் நிழல்ல நின்னாலும் ரப்பர் கிழவனாயிடும்." சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஆட்டமில்லை. பிரேக் கச்சிதம். "சங்கிலி, டயர் செலவைக் கழிச்சுட்டா கேக்குற விலை நியாயம். கழிக்கலைன்னா அநியாயம்."

"பேரம் கிடையாதுன்னு சொன்னேனே" என்றார் பல் டாக்டர்.

"இது பேரம் இல்ல டாக்டர். சொத்தைப் பல்லையும் சேத்து எண்ணி முப்பத்திரண்டுன்னு விப்பீங்களா?"

பல் டாக்டர் இறங்கி வந்தார். டிரைவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அப்போதுதான் ஸ்போக்கு, இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"வண்டி யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஸ்போக்கின் பார்வை டிரைவரின் தலையில் புறப்பட்டுப் பாதத்துக்கு வந்தது. நீண்ட பயணம் இல்லை. "ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நில்லுங்க. உட்கார வேண்டாம். சும்மா நில்லுங்க."

டிரைவர் காலைத் தூக்கிப் போட்டார். மேல் கம்பியின் இரண்டு பக்கமும், கட்டைவிரல் நுனியில், நாட்டியக்காரர் மாதிரி நின்றார்.

"குதிகாலை ஊன்றுங்க."

ஊன்றினார். முகம் மாறிற்று. பேருந்து முழுக்கக் கேட்கும்படி படிக்கட்டில் தொங்கியவர்களை அதட்டிய அந்தக் குரல், ஒரு கட்டை மேலே ஏறி, "ம்ம்?" என்றது.

"வலிக்குதா?" என்றார் பல் டாக்டர், தொழில் பழக்கத்தில்.

"இல்ல, சீட்டை இறக்கிக்கலாம்" என்று டிரைவர் அந்த மெல்லிய குரலிலேயே சொல்லிவிட்டு மறுபடி நுனிக்காலுக்கு ஏறினார்.

"சீட்டு இறங்கும். இந்தக் கம்பி இறங்காதே. கைப்பிடியும் எட்டாது, படுத்துக்கிட்டுத்தான் ஓட்டணும். திடீர்னு ஒருத்தன் குறுக்க வந்தான்னு வைங்க, காலை எங்க ஊன்றுவீங்க? இது டாக்டர் உயரத்துக்குச் செஞ்சது. உங்களுக்கு மூணு அளவு சின்னது வேணும்."

"பழகிக்குவேன்" என்றார் டிரைவர்.

"என்னவோ, அம்மா சொல்லட்டும்" என்று ஸ்போக்கு அவளைப் பார்த்தார்.

"அவளா? இன்னைக்கு ஏற்கெனவே ஒண்ணு தப்பாச் சொன்னவ. ரெண்டாவதும் கேக்கணுமா?"

அவள் சைக்கிளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வாங்கினால் என்ன ஆகும்? முதல் நாள் ஏறுவார், முதல் முனையில் விழுவார். இல்லை, ஏறவே மாட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, வெள்ளைச் சைக்கிள் என்று ஜாமான் ஒன்று கூடும். வேண்டாம் என்றால்? மறுபடி நாற்காலி. வேறு எதற்கும் இந்த மனிதர் ஆசைப்படப் போவதில்லை. எந்தப் பக்கம் தட்டினாலும் டொக்.

"நல்ல உருப்படி" என்றாள். "விலையும் நியாயம். உங்களுக்கு வேண்டாம்."

டிரைவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். அதற்கே ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. "அப்ப நாந்தான் டொக்கு உருப்படி. அப்படித்தானே?"

"உருப்படி சரிதான். அளவுதான் சின்னது."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தி சொல்லிவிட்டாள், அதுவும் அந்நியர் முன்னால். பல் டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. டிரைவர் அவரைப் பார்த்தார், ஸ்போக்கைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "நீ உன் காதையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு வெளியேறி, வீட்டுத் திசையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, ஹார்ட் பேஷண்ட்டுன்னு சொன்னீங்களே! கார்ல போய் ஏத்திக்குவோம்" என்று பல் டாக்டர் சாவியை எடுத்தார்.

"காரைக் கொண்டுட்டு அந்தப் பக்கம் வந்தீங்கன்னா உங்களுக்கும் பெருக்கல் குறி போடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இருபது அடி தள்ளியே நடந்தாள். நெருங்கவில்லை. பைக்குள் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. முன்னால் அவர் கை வீசி, யாரையோ திட்டிக்கொண்டு போனார். யாரை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

இரும்புக்கடை தாண்டி, சலவைக்கடை தாண்டி, முதல் பேருந்து நிறுத்தம். நடை தளர்ந்தது. அவர் பார்வை பெஞ்சில் விழுந்தது. உட்கார்ந்தால் போச்சு. உட்கார்ந்ததும் மூச்சை எண்ண ஆரம்பிப்பார். எண்ணினால் பயம் வரும். பயம் வந்தால் டாக்ஸி வரும்.

"ஏங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். "குள்ளம்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கா இவ்வளவு ரோஷம்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்து, டிரைவரின் உயரத்தை அளந்தார்கள். அவர் பெஞ்சை மறந்தார். முன்னிலும் வேகமாக நடந்தார்.

அடுத்த தளர்ச்சி பாலத்து ஏற்றத்தில். கைப்பிடிச் சுவரில் கையை வைத்தார். தோள் ஏறி இறங்கிற்று. போதும், பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்வோமா? மூச்சைக் கவனித்தாள். வேகம்தான், ஆனால் சீர். முகத்தில் வேர்வை இருந்தது, வெளுப்பு இல்லை. சரி, இன்னொன்று தாங்கும்.

"டிப்போ சுவத்துல வண்டியை ரிவர்ஸ்ல விட்டது யாரு? பிரேக் பிடிக்கலன்னு மேலிடத்துல பொய் சொன்னது யாரு?"

"பிரேக் நிஜமாவே பிடிக்கலடி!" டிரைவர் நடந்துகொண்டே தலையைத் திருப்பிக் கத்தினார். "மெக்கானிக்கே எழுதிக் குடுத்தான்!"

"அவன் உங்க தம்பிக்குச் சிநேகிதன்!"

"என் தம்பியை இழுக்காத!"

"ஏன், உங்க தம்பி கடன் வாங்கிட்டுப் போன ஃபேன் இன்னும் வீடு திரும்பலையே!"

பாலம் முடிந்தது. ஃபேன் கதை இரண்டு தெருவுக்குப் போதுமானதாக இருந்தது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கௌரவமாக வாழ்ந்த இரண்டு பேர் நடுத்தெருவில் மானத்தை ஏலம் விட்டுக்கொண்டு போனார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் கையிருப்பு குறைகிறதே என்பதுதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் சண்டைக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் மனிதர் அப்படி ஒன்றும் மோசமானவர் இல்லை என்பது கடைசி அரைக் கிலோமீட்டரில்தான் தெரிந்தது. திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பொய் சொன்னாள்.

"எங்கம்மாவை நீங்க பஸ்ஸுல ஏத்தாமப் போனீங்களாமே!"

"எப்ப?" டிரைவர் நின்றே விட்டார். திகைப்பு. "உங்கம்மாவை எதிர்ல பாத்தாலே ரெட் லைட்டைக் கண்ட மாதிரி வண்டியை நிறுத்திடுவேனே நான்!"

"நிறுத்தலைன்னு சொன்னாங்க."

"உங்கம்மாவா சொன்னாங்க? இந்த அபாண்டத்தை..." என்று ஆரம்பித்து, அந்த ஆத்திரத்திலேயே முனை திரும்பி, வாசலைத் திறந்து, உள்ளே போனார்.

நாற்காலியில் விழுந்தார். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் அடுப்படிக்குள் போய், கதவோரம் நின்று, ஐந்து நிமிஷம் அந்த மூச்சு இறங்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள். 'மூணு கிலோமீட்டர் நடந்துட்டீங்களே' என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடுவார். விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் டிரைவர் அவளோடு பேசவில்லை. காலை ஏழு மணிக்கு வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

பதில் சுவருக்குச் சொல்லப்பட்டது. "ஸ்போக்குக் கிட்ட. என் அளவு எனக்குக் கேட்டு வாங்கத் தெரியும்."

"பஸ்ஸுல போங்க. நடந்தெல்லாம் போகாதீங்க, உங்களால முடியாது."

"முடியுமா முடியாதான்னு நீ யாரு சொல்றதுக்கு?" என்று சுவரை ஒரு முறை முறைத்துவிட்டு டிரைவர் இறங்கினார்.

அதிலிருந்து நாள் தவறாமல் நடந்தே போய்வருகிறார். ஸ்போக்கு நல்ல ஆள். சின்ன அளவில் பழைய வண்டி அடுத்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் ஒரு தடவை போன் செய்து, அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளைச் சைக்கிளை ஒரு நெட்டைப் பையன் வாங்கிப் போய்விட்டானாம். குறியைப் பார்த்து, இது விசேஷ மாடலா என்று கேட்டானாம். ஆமாம் என்று பல் டாக்டர் கூசாமல் தலையாட்டினாராம்.

அந்த முதல் நாள் காலையில், டிரைவர் முனை திரும்பும்வரை காத்திருந்து, இருபது அடி தள்ளியே பின்னால் போய், அவர் கடைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். ஒரு மணி நேரம் தாமதம். இரண்டு தள்ளுவண்டி தட்டப்படாமல் நின்றது. சம்மட்டிக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா லேட்டு?"

"வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டாருப்பா."

"சமாதானம் பண்ணிட்டு வந்தாச்சா?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு முதல் உருப்படியைத் தட்டினாள்.